சேவல் தூங்கிய ஞாயிற்றுக்கிழமை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒருத்தி என்னிடம் வந்து, "ஏம்மா, நாகலூர்ப் பக்கம் போனா உங்கள சேவ நர்சம்மான்னு சொல்றாங்களே, கோழிப்பண்ணை ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை, கண்ணு. எனக்குக் கோழி என்றால் குழம்பில் கிடப்பதோடு சரி. உயிரோடு பக்கத்தில் வந்தால் இன்றைக்கும் புடவையைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிற்பேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாகப் பாதிக் கதையைத்தான் சொல்லி வந்தேன். மீதிப் பாதியைச் சொல்லக்கூடாது என்று ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது சொல்லலாம். குழந்தைகள் வார்டில் நிற்கப் போகிற நீங்கள்தான் முதலில் கேட்கவும் வேண்டும்.

எண்பதுகளில் ஏற்காட்டில் நான் இருந்த ஆஸ்பத்திரி சின்னது. கீழே பெரிய ஊர்களில் "இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டவர்களை வீடு தேடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. குணப்படுத்த முடியாது. ஆனால் வலியில்லாமல் வைத்திருக்கலாம். இதற்கு இன்றைக்குத் தனிப் படிப்பு இருக்கிறது, கழுத்தில் அட்டை இருக்கிறது. அன்றைக்கு என்னிடம் ஒரு பையும், எந்த பஸ் எப்போது வரும் என்ற ஞானமும் இருந்தன.

பெரியவர்களிடம் எனக்கு இரண்டே கேள்விகள். வலி எப்படி இருக்குதுங்க? மனசுல ஏதாச்சும் குறை இருக்குதுங்களா? முதல் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் அப்படியே நம்பு, வலி அவங்களுது, உன்னுது இல்ல என்று எங்கள் டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கேட்கப் பொறுமை வேண்டும். வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு பெரியவர், தம்பி வேலியை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டதை அரை நாள் சொன்னார். நானும் தோட்டத்துக்குள் இறங்கி வேலியைப் பார்த்துவிட்டு வந்து, "ஆமாங்க, தள்ளித்தான் கட்டியிருக்காங்க" என்றேன். மனிதர் வாரக்கணக்கில் தூங்காதவர், அன்றைக்குக் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்த மாதிரி நாலைந்து பேரைப் பார்த்ததில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்தத் திமிரோடுதான் செல்வியிடம் போனேன்.

செல்விக்கு எட்டு வயது. நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில், வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தாள். அப்பா மாது, அம்மா ராசம்மா, இரண்டு பேரும் எஸ்டேட் வேலை. பிள்ளைக்கு வலது தொடை எலும்பில் கட்டி. கீழே பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

முதல் நாள் நான் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தி, இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். "கண்ணு, மனசுல ஏதாச்சும் இருக்குதா? எங்கிட்ட சொல்லலாம்."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். "இருக்குதுங்க நர்சம்மா. உங்க மூக்குக்குள்ள ஒரு முடி ஆடுதுங்க. பேசறப்ப எல்லாம் ஆடுது."

ராசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சேவல் கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்து என் பையைக் கொத்தியது. அதன் பெயர் கண்டக்டர் என்று செல்வி அறிமுகம் செய்து வைத்தாள். கழுத்தை நீட்டி நீட்டி எல்லாரையும் உள்ளே போகச் சொல்லிக் கத்துமாம். அன்றைக்கு என் இரண்டாவது கேள்வி அத்தோடு முடிந்தது.

முதல் கேள்விக்கு மட்டும் பதில் ஒழுங்காக வந்தது. வலி எப்படி இருக்குது கண்ணு? "நொம்ப வலிக்குதுங்க." அடுத்த முறை போனால், "இன்னும் நொம்ப வலிக்குதுங்க." வலி மருந்தை டாக்டர் சேலத்திலிருந்து படாத பாடுபட்டு வாங்கி வருவார். சிவப்பாக, சர்க்கரைப் பாகில் கலந்து இருக்கும். அவரிடம் கேட்டு அளவைக் கூட்டினேன். "கொறையவே இல்லீங்க" என்றாள். மறுபடியும் கூட்டினேன். நம்பு என்று சொல்லியிருக்கிறார்களே, நம்பினேன்.

மூன்றாவது வாரம் போனபோது ராசம்மா வாசலிலேயே நின்றாள். "ஏனுங்க நர்சம்மா, புள்ளைய எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குது." உள்ளே போய்ப் பார்த்தேன். பிள்ளை ஆழ்ந்து கிடந்தாள். மூச்சு வந்தது, ஆனால் அடுத்த மூச்சுக்கு நான் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த வேளை மருந்தை நிறுத்தினேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் ஓடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் ஜீப்பில் வந்தார். நல்லவேளை, சாயங்காலத்துக்குள் செல்வி கண் விழித்தாள். விழித்ததும் என்னைப் பார்த்து, "வலிக்குதுங்க" என்றாள்.

டாக்டர் அளவைப் பழையபடி குறைத்தார். என்னைத் திட்டவில்லை. நான் எழுதிய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேட்டத எல்லாம் எழுதியிருக்க. பாத்தத எங்க எழுதியிருக்க?" என்றார். ஜீப் போன பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அதற்கடுத்த முறை வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு முந்தின பஸ்ஸில் போனேன். லைன் வீட்டுக்கு மேட்டிலிருந்து இறங்க வேண்டும், கதவு திறந்திருந்தால் கட்டில் தெரியும். தெரிந்தது. செல்வி சாய்ந்து உட்கார்ந்து உள்ளங்கையில் கம்புத் தானியம் வைத்திருந்தாள். அந்தச் சேவல் அவள் வலது தொடைமேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று கொத்திக்கொண்டிருந்தது. அவள் கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். என் விரல் பட்டால் துடிக்கிற அதே தொடை.

நான் வாசலில் செருமினேன். சேவல் கீழே போனது, பிள்ளை கட்டிலில் சரிந்து படுத்தாள், முகம் சுருங்கியது. "நொம்ப வலிக்குதுங்க நர்சம்மா."

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சேவலை அங்கேயே தூக்கி எறிந்திருப்பேன். ராசம்மாவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்டயே வேலையக் காட்டறியா? சேவ ஏறி நின்னா வலிக்காது, நான் தொட்டா வலிக்குமா?"

செல்வி வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன். சேவல் தலைமேல் கைவைத்துப் பண்ணச் சொன்னாள். எனக்கு ஆகாத காரியம், இருந்தாலும் விரல் நுனியால் தொட்டேன்.

"மொதல்ல அப்பா முனியப்பனுக்குக் கெடா நேர்ந்தாருங்க. எனக்கு சரியானா கெடா. அது ஆவாதுன்னு கீழ டாக்டரு சொல்லிட்டாருல்லங்க, அதனால மாத்திட்டாரு. வலி நின்னாப் போதும், கண்டக்டர அறுக்கறேன்னு நேர்ந்துக்கிட்டாரு. வலி இல்லேன்னு நான் சொன்னா, இவன அறுத்துப்போடுவாருங்க."

தனக்குச் சரியாகாது என்பதை, பஸ் வராது என்பதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு முக்கியம் சேவல். நான் அந்த வீட்டில் மூன்று வாரமாக, பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று பெற்றவர்களோடு கண்ணால் பேசிக்கொண்டிருந்தேன். தெரியாமல் இருந்தது எனக்குத்தான்.

பெரியவர்கள் வலிக்கிறது என்றால் வலிக்கிறது. குழந்தையிடம் கேட்கும்போது, அது யோசிக்கும்: இப்படிச் சொன்னால் அம்மா அழுவாளா, ஊசி வருமா, கீழே கூட்டிப்போவார்களா, யாருக்கு என்ன ஆகும். அதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கும். அது பொய் சொல்கிறது என்று நினைக்காதீர்கள். உங்களைவிடப் பொறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

"நீ எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு சாமி. சேவல நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இதுதான் நான் செய்த பெரிய தப்பு. "பாத்துக்கறேன்" என்று பெரியவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அவர்களும் தலையாட்டுவார்கள், நானும் மறப்பேன், இரண்டு பேருக்குமே வருத்தம் இருக்காது. செல்வி அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து உண்மையைச் சொன்னாள். காலையில் வலி, மதியம் இல்லை, காலை நீட்டினால் வலி, சேவல் ஏறினால் கூச்சம். அதற்கேற்ப மருந்து சரியான அளவில் நின்றது. பிள்ளை உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், என் மூக்கைப் பற்றி மறுபடியும் பேசினாள். ஒருநாள் மருந்து ஊற்றும்போது, "ஏனுங்க, இத சேவ குடிச்சா என்ன ஆவும்?" என்று கேட்டாள். "என்ன ஆவும், கோயில் செல மாதிரி அசையாம தூங்கும்" என்று சொல்லிவிட்டு நான் மூடியைத் திருகினேன். அவள் கேட்ட அதை மட்டும் தாளில் எழுதவில்லை.

மாதுவிடம் சேவலைப் பற்றிப் பக்குவமாகப் பேச வேண்டும் என்று நினைத்தேன். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஒரு சனிக்கிழமை அவரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சிரித்த முகமாக நின்றார். "நர்சம்மா, சாமி கண்ணத் தொறந்துருச்சுங்க. புள்ள வலியில்லாம தூங்குதுங்க. நாளைக்குக் காத்தால முனியப்பனுக்கு சேவ அறுக்கறோம். நீங்க கண்டிப்பா வரோணும்."

அந்த முகத்துக்கு நேராக என்ன சொல்வது? "வர்றேனுங்க" என்றேன். அந்த ராத்திரி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை நான் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இன்னும் விலகவில்லை. லைனுக்குக் கீழே, சில்வர் ஓக் மரத்தடியில் முனியப்பன் கல். சுற்றி லைன் ஜனம் முழுக்க நின்றது. செல்வியைக் கம்பளியில் சுற்றி, கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். மாது கையில் கண்டக்டர். பூசாரி ஒரு சொம்புத் தண்ணீரோடு தயாராக இருந்தார்.

இங்கே ஒரு முறை உண்டு, கீழேயிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நேர்ந்த சேவலை எடுத்ததும் அறுத்துவிட மாட்டார்கள். அதன் தலையிலும் முதுகிலும் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், துளுக்கிவிட்டது, சாமி சம்மதம் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். மூன்று தண்ணீருக்கும் துளுக்கவில்லை என்றால் சாமிக்கு வேண்டாம் என்று அர்த்தம். அப்புறம் அது சாமி சேவல், யாரும் கை வைக்க முடியாது. ஆனால் தண்ணீர் பட்டும் உதறாத சேவலை யார் பார்த்திருக்கிறார்கள்? அறுத்த தலை பூசாரிக்கு. அவர் மசாலாவுக்குச் சொல்லிவிட்டே வந்திருப்பார்.

நான் செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகம் வெளுத்திருந்தது. அந்தக் குளிரில் மேலுதட்டில் வேர்வை. கம்பளிக்குள் இரண்டு கையும் முஷ்டியாக இருந்தன.

"வலிக்குதா கண்ணு?"

"வலியே இல்லீங்க."

"காத்தாலயே மருந்து குடுத்துட்டேனுங்க" என்றாள் ராசம்மா.

இந்தத் தடவை நான் கேட்டதை விட்டுவிட்டுப் பார்த்தேன். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். திரும்பி மாதுவைப் பார்த்தேன். கண்டக்டர் அவர் முழங்கையில் தலையைச் சாய்த்துக் கிடந்தது. ஊரையே உள்ளே போகச் சொல்லிக் கத்துகிற சேவல், பத்து மணிக்கு, இவ்வளவு கூட்டத்தில், கொட்டாவி விடாத குறையாக இருந்தது. மாது தோள் துண்டால் அதன் முகத்தைத் துடைத்துவிட்டார். சாமி முன்னால் நிறுத்துவதற்கு முன் அதுவும் ஒரு முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா கொடுத்த மருந்தைச் செல்வி வாயிலேயே வைத்திருந்து, கம்பில் துப்பி, சேவலுக்குப் போட்டிருக்கிறாள். முன்னே வலியில்லாதபோது வலிக்கிறது என்றவள், இப்போது உயிர் போகிற வலியில் இல்லை என்கிறாள். வலி என்றால் அறுப்பது தள்ளித்தான் போகும், சாமியே வேண்டாம் என்றால் ஒரேயடியாகத் தப்பிக்கும். இரண்டும் அதே சேவலுக்காக.

இப்போது நான் என்ன செய்ய? பாதியை விழுங்கியிருந்தால், இன்னொரு முழு வேளை கொடுப்பது ஆபத்து. மூன்றாவது வாரம் பார்த்த அந்த மூச்சு எனக்கு மறக்கவில்லை. ஒன்றுமே விழுங்கவில்லை என்றால், மாலை வரை இவள் இப்படிக் கிடக்க வேண்டும். கேட்டால் உண்மை வராது. உண்மை தெரிந்த இன்னொரு ஜீவன் அங்கே அந்தச் சேவல்தான்.

எழுந்து போய் அதன் முன்னால் குனிந்தேன். இமையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சில் இரண்டு விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன். கோழிக்கு எத்தனை மூச்சு சரி என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் இது பாதி வேளை மருந்தின் தூக்கம் இல்லை, முழு வேளையும் இதன் வயிற்றில்தான் என்று தெரிந்தது. "நர்சம்மாவுக்கு எத்தன பக்தி பாரு" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். ஒரு சேவலைச் சோதித்துக் குழந்தைக்கு மருந்து முடிவு செய்த நர்ஸ் இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு ஓடி மருந்துப் புட்டியை எடுத்து வந்தேன். "புள்ள வாயிலயே வெச்சிருந்து துப்பியிருக்குது, இன்னொரு வேளை குடுக்கறேன்" என்று ராசம்மா காதில் சொன்னேன். ஸ்பூனை நீட்டினால் செல்வி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மூணு தண்ணி ஆவட்டுங்க. அப்பறம் குடிக்கறேன்." நான் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவேன் என்ற பயம் அவளுக்கு.

ஆக, அவள் வலி தீர வேண்டுமென்றால் பூசாரி கை நகர வேண்டும். அவரோ முனியப்பனின் வம்ச வரலாற்றில் இருந்தார். "சீக்கிரம் ஊத்துங்க பூசாரி" என்று நான் கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பனியில புள்ளைக்கு ஆகாதுங்க" என்று சமாளித்தேன்.

முதல் தண்ணீர். கண்டக்டர் அசையவில்லை. கூட்டம், "உத்தரவு குடு சாமி" என்றது. இரண்டாவது தண்ணீரைப் பூசாரி காதோரமாக ஊற்றினார். ஒன்றுமில்லை. மூன்றாவதற்குச் சொம்பையே கவிழ்த்தார். சேவல் மெதுவாகக் கண்ணைத் திறந்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

கடைசியில் பூசாரி, தலைக்கறி போன துக்கத்தோடு, "வேண்டாங்குது. எங்கூடவே உக்காருன்னு சாமி சொல்லுது" என்றார். மாது நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். நான் ஸ்பூனை நீட்டினேன். செல்வி ஒரே மடக்கில் குடித்தாள்.

அரை மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணியபடி உட்கார்ந்திருந்தேன். முஷ்டி மெல்ல அவிழ்ந்தது. தூங்குவதற்கு முன் சொன்னாள்: "நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க. பாக்கல. அதான் நானே பாத்துக்கிட்டேன்."

கோபமில்லாமல் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சேவ எத்தன மணிக்கு எந்திரிச்சுது?" என்று கேட்டார். மதியம் மூன்று என்றேன். "அத எழுது" என்றார். எழுதினேன். அந்தத் தாளில் பார்த்ததை எழுதிய முதல் வரி அதுதான்.

காப்பி பூத்த நாட்களில் செல்வி போய்விட்டாள். வீட்டிலேயே, அம்மா மடியில், வலியில்லாமல். கட்டிலடியில் சாமி சேவல் இருந்தது. நர்ஸ் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அழுதேன், ராசம்மாதான் என்னைத் தேற்றினாள்.

சில நாள் கழித்து, மீந்த மருந்தையும் ஸ்பூனையும் திருப்பிக் கொடுக்க மாது வந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"நர்சம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அன்னிக்கு சேவ மூக்கெல்லாம் செவப்பா ஒட்டியிருந்துச்சுங்க. மருந்து வாசம். பூசாரி பாத்தா வம்பாயிரும், உங்க வேலைக்கே கேடு வந்துரும்னு துண்டுல தொடச்சுட்டனுங்க. சாமிக்கும் அன்னிக்கே காசு முடிஞ்சு வெச்சு தப்புக்கட்டிட்டேன். பாப்பாவுக்காக நீங்கதான குடுத்தீங்க?"

நான் அவரைப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால், யார் என்று கேட்பார். அந்தக் காலையில் தன் பிள்ளை எந்த வலியோடு அந்தக் கட்டிலில் இருந்தாள் என்று தெரிந்துவிடும். அதற்கு முன்னே எத்தனை நாள் அவரிடம் வலி, வலி என்று பொய் சொன்னாள் என்பதும் தெரிந்துவிடும். சேவல் தலைமேல் கைவைத்துச் செய்த சத்தியம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஆமாங்க. நான்தான் குடுத்தேன்" என்றேன்.

மாது சிரித்தார். பிள்ளை போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "நெனச்சனுங்க" என்றார். தப்புக்கட்டியாயிற்று, இனி வம்பில்லை என்ற தைரியத்தில் லைன் முழுக்கச் சொல்லிவிட்டார், சேவலுக்கு மயக்கம் கொடுத்த நர்சம்மா என்று. அந்தப் பெயர் நான் ஓய்வு பெறும்வரை என் பின்னாலேயே வந்தது. பஸ்ஸில் கூவிக் காட்டியவர்களும் உண்டு.

போன புரட்டாசியில் மாது காலமானார். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்பதுதான் செல்வி கேட்டது. சொல்லவில்லை, கண்ணு. இந்தத் தடவை பார்த்துக்கொண்டேன்.